முழுத் தொகுப்புக் கட்டுரையைப் பின்னாலிருந்து படியுங்கள்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டிலோ பி.எச்டி. தொடக்கத்திலோ இருக்கும் ஒருவர் கைக்கு முதன்முதலாக ஒரு டோட்டல் சிந்தசிஸ் (முழுத் தொகுப்பு) கட்டுரை வரும்போது பெரும்பாலும் நடப்பது இதுதான். முதல் பக்கத்தில் ஒரு பெரிய மூலக்கூறு, அடுத்த பக்கத்தில் முப்பது நாற்பது அம்புக்குறிகள், ஒவ்வொரு அம்பின் மேலும் ஓர் எழுத்து, அடியில் பொடி எழுத்தில் வினைபொருள்களின் பட்டியல். அவர் இடது மேல் மூலையில் தொடங்கி ஒவ்வொரு வினைபொருளாகக் குறித்துக்கொண்டே போவார், பத்தாவது அம்பில் களைத்துப்போவார், "இது நமக்கு எட்டாத விஷயம்" என்று மூடி வைத்துவிடுவார்.

எட்டாத விஷயமெல்லாம் இல்லை. படிக்கும் திசைதான் தவறு. இயற்கைச் சேர்மம் ஒன்றை ஆய்வகத்தில் அடி முதல் கட்டியெழுப்பும் வேலை என்பது அடிப்படையில் ஒரு சில பெரிய முடிவுகள்: எந்தப் பிணைப்பை எப்போது உருவாக்குவது, எதைக் கடைசி வரை தள்ளிப்போடுவது, முப்பரிமாண அமைப்பை எங்கிருந்து கொண்டுவருவது. மற்ற அம்புகள் எல்லாம் அந்த முடிவுகளுக்குச் சேவை செய்பவை. அந்த மூன்று நான்கு முடிவுகளைக் கண்டுபிடித்துவிட்டால் நாற்பது அம்புகளும் தானாகப் புரிய ஆரம்பிக்கும். எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்கு யோஷிட்டோ கிஷியின் ஆய்வுகளை எடுத்துக்கொள்கிறேன். ஜப்பானின் நகோயாவில் பிறந்து, அங்கேயே படித்து, 1974 முதல் ஹார்வர்டில் பணியாற்றிய வேதியியலாளர் அவர். இந்தத் துறையில் கற்றுக்கொள்ள அவருடைய வேலையைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்து குறைவு.

தேவையானவை: வெள்ளைத்தாள், பென்சில், அழிப்பான், ஒரு மூலக்கூறு மாடல் பெட்டி, கட்டுரையோடு வரும் துணைத் தகவல் கோப்பு. எல்லோரும் எஸ்.ஐ. என்று சொல்லும் அந்தக் கோப்பு பெரும்பாலான ஆய்விதழ்களில் இலவசமாகவே கிடைக்கும். மூலக்கூறுகளை வரையும் கெம்ட்ரா மென்பொருள் இருந்தால் சரி, ஆனால் முதல் முறை கையால்தான் வரைய வேண்டும். மென்பொருளில் வெட்டி ஒட்டும்போது கண் சும்மா இருக்கும். கையால் ஒரு வளையத்தைப் போடும்போதுதான் "இங்கே ஏன் ஆக்சிஜன் கீழ்நோக்கி இருக்கிறது" என்ற கேள்வி வரும்.

முதலில் ஒரு சின்ன மூலக்கூறில் பழகுங்கள்

நேராகப் பெரிய மூலக்கூறில் கை வைக்காதீர்கள். ட்ரோபினோன் என்ற சேர்மத்தை எடுங்கள். ஏழு கார்பன் வளையம் ஒன்று, அதன் குறுக்கே ஒரு நைட்ரஜன் பாலம், எதிர்ப்பக்கத்தில் ஒரு கீட்டோன். அவ்வளவுதான். அட்ரோபின், கோகெய்ன் ஆகியவற்றின் எலும்புக்கூடு இதுதான்.

1901-இல் ஜெர்மானிய வேதியியலாளர் வில்ஸ்டாட்டர் இதை முதன்முதலில் தொகுத்தார். சைக்ளோஹெப்டனோனில் தொடங்கினார், அதாவது ஏழு கார்பன் வளையம் ஏற்கெனவே இருக்கும் பொருளில். அதன் மேல் ஒவ்வொரு இரட்டைப் பிணைப்பாக நுழைத்து, நைட்ரஜனைச் சேர்த்து, பல படிகள் கடந்து கடைசியில் கிடைத்த மொத்த விளைச்சல் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அந்தக் காலத்தில் அது பெரிய சாதனை, அதில் சந்தேகமே இல்லை.

1917-இல் ஆங்கிலேய வேதியியலாளர் ராபின்சன் அதே மூலக்கூறை வேறு கண்ணால் பார்த்தார். நைட்ரஜனுக்கு இரு பக்கமும் உள்ள பிணைப்புகளையும், கீட்டோனுக்கு அடுத்தடுத்த கார்பன்களின் பிணைப்புகளையும் மனத்துக்குள்ளேயே நீரால் பிளந்து பார்த்தார். அப்படிப் பிளந்தால் மூன்று எளிய துண்டுகள் விழுகின்றன: சக்சினால்டிஹைடு, மெத்தில் அமீன், அசிட்டோன். மூன்றையும் தண்ணீரில் கலந்தால் ட்ரோபினோன் வருகிறது. அசிட்டோனை வைத்துச் செய்தபோது விளைச்சல் மிகக் குறைவு. அதற்குப் பதில் அசிட்டோன் டைகார்பாக்சிலிக் அமிலத்தின் கால்சியம் உப்பைப் போட்டபோது 42 சதவீதத்துக்கு ஏறியது. அந்த அமிலத்தின் இரண்டு கார்பாக்சில் தொகுதிகளும் நடுவிலிருக்கும் ஹைட்ரஜன்களின் வினைத்திறனைக் கூட்டிவிட்டு, வேலை முடிந்ததும் கார்பன் டைஆக்சைடாக வெளியேறிவிடும். பிறகு வந்தவர்கள் கரைசலின் அமிலத்தன்மையைச் சீராக வைத்து விளைச்சலை 90 சதவீதம் வரை கொண்டுபோனார்கள்.

இப்போது பயிற்சி. கட்டுரையைப் பார்க்காமல், ட்ரோபினோனை ஒரு தாளில் வரைந்து, நான்கு பிணைப்புகளை அழிப்பானால் அழித்து, மூன்று துண்டுகளையும் நீங்களே பெறுங்கள். பிறகு முன்னோக்கி, இரண்டு மானிக் வினைகளின் (அமீன், ஆல்டிஹைடு, கீட்டோன் மூன்றும் இணையும் வினை) இயங்குமுறையை எலக்ட்ரான் அம்புகளோடு எழுதுங்கள். இதை முழுதாக எழுத முடிந்தால்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். அவசரமே இல்லை. ஒரு மாலை முழுக்க எடுத்துக்கொண்டாலும் அது வீண் போகாது, ஏனென்றால் இங்கே செய்த அதே வேலையைத்தான் இனி எந்த மூலக்கூறிலும் செய்யப்போகிறீர்கள். எலியாஸ் கோரி 1960-களில் இந்தப் பின்னோக்கிய சிந்தனைக்கு ஒழுங்கான விதிகளை வகுத்தார். 1990-இல் நோபல் பரிசும் அதற்காகத்தான். ஆய்வகத்தில் சுருக்கமாக 'ரெட்ரோ' என்போம்.

ஏன் இந்த மூலக்கூறு என்று கேளுங்கள்

சரி, பெரியதற்கு வருவோம். ஹாலிகோண்ட்ரின் பி. ஜப்பான் கடற்கரையில் கிடைக்கும் ஒரு கருநிறக் கடற்பஞ்சிலிருந்து ஜப்பானிய வேதியியலாளர்கள் ஹிராட்டாவும் உயெமுராவும் 1980-களின் நடுவில் பிரித்தெடுத்தது. 600 கிலோ கடற்பஞ்சைச் சேகரித்துப் பிரித்ததில் கிடைத்தது 12.5 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பைவிடவும் குறைவு. ஆனால் புற்றுநோய்ச் செல்களை எதிர்ப்பதில் அது காட்டிய வீரியம் அசாதாரணமானது.

அறிமுகப் பத்தியைப் படிக்கும்போது நீங்கள் தேட வேண்டியது இந்த மாதிரி எண்ணைத்தான். இயற்கையில் எவ்வளவு கிடைக்கிறது, எதற்குத் தேவைப்படுகிறது, எவ்வளவு தேவைப்படுகிறது. மருந்தாகச் சோதிக்கக் கிராம் கணக்கில் வேண்டும், கடலிலிருந்து மில்லிகிராம்தான் வரும் என்றால், அந்தத் தொகுப்பின் நோக்கம் தெளிவு. சில கட்டுரைகளில் நோக்கம் வேறாக இருக்கும்: அமைப்பு சரிதானா என்று உறுதிப்படுத்துவது, புதிதாகக் கண்டுபிடித்த ஒரு வினை கடினமான இடத்திலும் வேலை செய்கிறதா என்று பார்ப்பது. எந்த நோக்கம் என்பதைத் தாளின் மேல் ஓரத்தில் ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு முடிவு நல்லதா கெட்டதா என்று பின்னால் எடைபோட அந்த ஒரு வரிதான் அளவுகோல். 5 மில்லிகிராம் போதும் என்பவருக்குப் பொருந்தும் வழி, 10 கிராம் வேண்டும் என்பவருக்குப் பொருந்தாது.

எண்ணுங்கள்

மூலக்கூறை வரைந்துவிட்டு எண்ணத் தொடங்குங்கள். கார்பன் எத்தனை, வளையம் எத்தனை, கைரல் மையம் (நான்கு வெவ்வேறு தொகுதிகளைத் தாங்கி, இரண்டு விதமாக அமையக்கூடிய கார்பன்) எத்தனை. ஹாலிகோண்ட்ரின் பி-யில் கைரல் மையங்கள் மட்டும் 32. கிஷியின் குழு முடித்த இன்னொரு அரக்கனான பாலிடாக்சினில் 64, மூலக்கூறு எடை 2,680 அளவில். n மையங்கள் இருந்தால் அதிகபட்சம் 2-இன் n அடுக்கு வடிவங்கள் சாத்தியம் என்பது பாடப்புத்தகத்தில் படித்ததுதான். 64 மையங்களுக்கு அதைப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 18-க்குப் பின்னால் பதினெட்டு சுழி வரும் எண் அது. அவற்றில் ஒன்றே ஒன்றுதான் தேவை.

எண்ணி முடித்ததும், மையங்கள் எங்கே கூட்டமாக இருக்கின்றன, எங்கே தனித்தனியாக இருக்கின்றன என்று வண்ணப் பென்சிலால் குறியுங்கள். வளையத்துக்குள் இருக்கும் மையங்களைக் கட்டுப்படுத்துவது ஒப்பீட்டளவில் எளிது. நீண்ட சங்கிலியில், வளையமே இல்லாத இடத்தில் இருப்பவைதான் தலைவலி. சங்கிலி எப்படி வேண்டுமானாலும் சுழலும், அதனால் எந்தப் பக்கத்திலிருந்து வினைபொருள் வரும் என்று சொல்வது கடினம் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். கிஷி 1970-களின் இறுதியில் லாசலோசிட், மோனென்சின் ஆகிய இரண்டு நுண்ணுயிர் எதிர்ப்பிகளையும் தொகுத்தபோது அந்த எண்ணத்தை மாற்றினார். இரட்டைப் பிணைப்புக்குப் பக்கத்தில் இருக்கும் தொகுதிகள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளுவதால் சங்கிலிக்கும் ஒரு விருப்பமான நிலை உண்டு, அதைக் கணித்துப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். மாடல் பெட்டி வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். தாளில் இது தெரியாது, கையில் எடுத்துச் சுழற்றினால் உடனே தெரியும்.

எங்கே வெட்டியிருக்கிறார்கள்

இப்போது கட்டுரையின் ரெட்ரோ படத்துக்குப் போகலாம், ஆனால் போவதற்கு முன் நீங்களே ஒரு முறை வெட்டிப் பாருங்கள். தவறாக வெட்டினாலும் பரவாயில்லை. நீங்கள் வெட்டிய இடத்தையும் அவர்கள் வெட்டிய இடத்தையும் ஒப்பிடும்போது கிடைக்கும் கேள்விகள்தான் இந்த முழுப் பயிற்சியின் விலைமதிப்புள்ள பகுதி.

பெரிய மூலக்கூறுகளில் நீங்கள் பார்க்கப்போவது, ஏறக்குறைய நடுவில் ஒரு வெட்டு, பிறகு ஒவ்வொரு பாதிக்குள்ளும் நடுவில் ஒரு வெட்டு. ஏன் என்பதைக் கணக்குப் போட்டே தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு படியும் 90 சதவீதம் விளைச்சல் தருகிறது என்று வைத்துக்கொள்வோம், இது தாராளமான அனுமானம். 30 படிகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகச் செய்தால் கடைசியில் மிஞ்சுவது 4 சதவீதம். அதே 30 படிகளை மூன்று துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாக 9 படியில் செய்து, கடைசி 3 படிகளில் இணைத்து முடித்தால், எந்த ஒரு துண்டும் கடக்கும் மிக நீளமான வரிசை 12 படிதான், விளைச்சல் 28 சதவீதம். உழைப்பு அதேதான், பலன் ஏழு மடங்கு. இன்னொரு நன்மையும் உண்டு: ஒரு துண்டில் சிக்கல் வந்தால் மற்ற இரண்டும் பத்திரமாகக் குளிர்பதனப் பெட்டியில் காத்திருக்கும்.

ஆகவே கட்டுரை "மொத்தம் இத்தனை படிகள்" என்று சொல்லும்போது, மிக நீளமான நேர்வரிசையில் எத்தனை என்று தனியாக எண்ணுங்கள். இரண்டும் வேறு வேறு எண்கள். சில கட்டுரைகளில் ஒன்றை மட்டும் பெரிதாகச் சொல்லி மற்றதை நம்மையே எண்ண வைப்பார்கள். எண்ணுங்கள். தொடக்கப் பொருளைக் கடையில் வாங்கினார்களா, அல்லது அதுவே ஏழெட்டுப் படி தாண்டி வந்ததா என்பதையும் பாருங்கள்.

மூட்டு எந்த வினை

இது எனக்கு மிகவும் பிடித்த கட்டம், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

துண்டுகளாக வெட்டுவது எளிது, கடைசியில் இணைக்க வேண்டுமே. அப்போது இரண்டு துண்டுகளும் ஏற்கெனவே பெரியவை, ஒவ்வொன்றிலும் எஸ்டர், கீட்டோன், ஈதர், காப்புத் தொகுதி (ஓர் இடத்தை வினைபுரியாமல் தற்காலிகமாக மூடிவைப்பது) என்று என்னென்னவோ இருக்கும். சாதாரண கிரிக்னார்டு வினைபொருளையோ பியூட்டைல் லித்தியத்தையோ போட்டால் அது தேவையான இடத்தையும் தாக்கும், தேவையில்லாத இடத்தையும் தாக்கும். வருடக் கணக்கில் செய்த 50 மில்லிகிராம் துண்டு ஒரே மாலையில் கறுப்பாகிவிடும். எனவே இணைக்கும் வினை மிகவும் சாந்தமானதாக, ஒரே ஒரு தொகுதியை மட்டும் தேடிப் போவதாக இருக்க வேண்டும்.

கிஷி பாலிடாக்சின் வேலையில் இருந்தபோது குரோமியம் (II) குளோரைடை வைத்து வினைல் அயோடைடையும் ஆல்டிஹைடையும் இணைக்கும் வினையை எடுத்துக்கொண்டார். கியோட்டோவில் நொசாகி, ஹியாமா, தக்காய் முதலியோர் கண்டுபிடித்து வளர்த்தெடுத்தது அது. அருமையான வினை: ஆல்டிஹைடை மட்டும் பிடிக்கும், பக்கத்திலிருக்கும் கீட்டோனையும் எஸ்டரையும் தொடாது. ஆனால் ஒரு சிக்கல், ஒரு பாட்டிலில் இருந்த குரோமியம் குளோரைடில் நன்றாக நடந்தது, இன்னொரு பாட்டிலில் நடக்கவே இல்லை. காரணத்தைத் தேடிப் போனதில், நன்றாக வேலை செய்த பாட்டிலில் மிகச் சிறிய அளவில் நிக்கல் கலந்திருந்தது தெரிந்தது. அந்த மாசுதான் உண்மையான வினையூக்கி! 1986-இல் கிஷியின் குழுவும் கியோட்டோ குழுவும் தனித்தனியே இதை வெளியிட்டன. அன்று முதல் ஒரு சதவீத அளவுக்கு நிக்கல் குளோரைடை வேண்டுமென்றே சேர்ப்பது வழக்கமாயிற்று. நொசாகி-ஹியாமா-கிஷி வினை, சுருக்கமாக என்.எச்.கே., என்று பெயரும் நிலைத்தது.

இயங்குமுறையைக் கட்டாயம் எழுதிப் பாருங்கள். நிக்கல் முதலில் கார்பன்-அயோடின் பிணைப்புக்குள் நுழைகிறது, பிறகு அந்தக் கார்பனைக் குரோமியத்திடம் ஒப்படைக்கிறது, கார்பன்-குரோமியம் பிணைப்பு ஆல்டிஹைடைத் தாக்கி ஆல்கஹாலைத் தருகிறது. குரோமியத்துக்கு ஆக்சிஜன் மேல் உள்ள ஈர்ப்பு வலுவானது, அதனால் கடைசிப் படி திரும்பி வராது. ஒவ்வொரு குரோமியமும் ஒரே ஓர் எலக்ட்ரானைத்தான் தர முடியும் என்பதால் குறைந்தது இரண்டு மோல் வேண்டும், நடைமுறையில் அதற்கும் மேலே போடுவார்கள். காற்றும் ஈரமும் ஆகாது, குளோவ் பாக்ஸில் எடை போடுவதுதான் நல்லது. குரோமியக் கழிவைத் தனியாகச் சேர்க்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று: இந்த வினையில் பிறக்கும் ஆல்கஹால் கார்பன் ஒரு புதிய கைரல் மையம். எந்தப் பக்கம் வரும்? பெரும்பாலும் இரண்டு வடிவங்களின் கலவைதான் வரும். கிஷி பின்னாளில் கைரல் சல்ஃபோனமைடு ஈனிகளை (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறுகளை) வடிவமைத்துத் தேவையான வடிவத்தை மட்டும் அதிகமாக வரவழைத்தார். ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றம் செய்து கீட்டோனாக்கிவிட்டால் அந்தக் கேள்வியே எழாது, சில திட்டங்களில் அப்படிச் செய்து தப்பித்துக்கொள்வார்கள். அதுவும் ஒரு முடிவுதான். உங்கள் தாளில் குறியுங்கள்.

1992-இல் கிஷியின் குழு ஹாலிகோண்ட்ரின் பி-யை முடித்தபோது துண்டுகளை இணைத்த பல இடங்களில் இந்த வினையே மூட்டாக நின்றது. இதைத் தெரிந்துகொண்டு திட்டத்தைத் திரும்பப் பாருங்கள். "இந்த இடத்தில் ஏன் இவ்வளவு மெனக்கெட்டு ஆல்டிஹைடைச் செய்கிறார்கள், அந்தத் துண்டில் ஏன் வினைல் அயோடைடு" என்ற கேள்விகளுக்கெல்லாம் ஒரே பதில்: மூட்டுக்காக. நான் ஆரம்பத்தில் சொன்ன 'பெரிய முடிவு' இதுதான். ஒன்றைக் கண்டுபிடித்தால் பதினைந்து அம்புகள் ஒரேயடியாகப் புரிந்துவிடும்.

காப்புத் தொகுதிகளுக்கு ஒரு அட்டவணை

இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். ஒரு தாளில் கோடு போட்டு, எந்த ஆக்சிஜனில் எந்தக் காப்பு, எந்தப் படியில் போட்டார்கள், எந்தப் படியில் எடுத்தார்கள் என்று மட்டும் எழுதுங்கள். சிலைல் ஈதர்களை ஃபுளோரைடு எடுக்கும், பென்சைலை ஹைட்ரஜனேற்றம் எடுக்கும், பாரா-மெத்தாக்சிபென்சைலை டி.டி.கியூ. என்ற ஆக்சிஜனேற்றி எடுக்கும், அசிட்டாலை அமிலம் எடுக்கும். ஒன்றை எடுக்கும்போது மற்றது அசையக்கூடாது என்பதுதான் மொத்த சூத்திரமும். ஒரே மூலக்கூறில் டி.இ.எஸ். (ட்ரைஎத்தில்சிலைல்), டி.பி.எஸ். (டெர்ட்-பியூட்டைல்டைமெத்தில்சிலைல்) என இரண்டு வகை சிலைல் இருந்தால், எது முதலில் கழன்று போக வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள் என்று பொருள். சிறியது முதலில் போகும்.

முப்பரிமாணம் எங்கிருந்து வந்தது

ஒவ்வொரு கைரல் மையத்துக்கும் பக்கத்தில் அதன் ஊர் எது என்று எழுதுங்கள். சுருக்கமாக மூன்று ஊர்கள். முதலாவது, இயற்கையே கொடுத்தது: சர்க்கரைகள், அமினோ அமிலங்கள், டெர்ப்பீன்கள். எடுத்துக்காட்டாக, பின்னால் சொல்லப்போகும் எரிபுலின் மருந்தின் தயாரிப்பில் ஒரு துண்டு குளுகுரோனோலாக்டோன் என்ற சர்க்கரை வழிப் பொருளில்தான் தொடங்குகிறது. அதன் மையங்களில் பயன்படுபவை இலவசமாக வந்தவை. இரண்டாவது, வினையூக்கி கொடுத்தது: கட்சுகியும் ஷார்ப்லெஸும் 1980-இல் வெளியிட்ட எப்பாக்சிடேற்றம் இதற்கு நல்ல உதாரணம், எந்தப் பக்கம் ஆக்சிஜன் வர வேண்டும் என்று டார்ட்ரேட்டின் வகையை மாற்றி நாமே தேர்ந்தெடுக்கலாம். மூன்றாவது, மூலக்கூறில் ஏற்கெனவே இருக்கும் மையம் பக்கத்து மையத்தைத் தீர்மானிப்பது. ஆஸ்மியம் டெட்ராக்சைடு இரட்டைப் பிணைப்பில் சேரும்போது பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் என்ற கிஷியின் விதி இந்த வகை.

எந்த ஊரும் எழுத முடியாத மையம் ஏதாவது மிஞ்சினால், ஒன்று நீங்கள் ஒரு படியைக் கவனிக்கவில்லை, அல்லது அங்கே கலவை வந்து குரோமட்டோகிராபியில் பிரித்திருக்கிறார்கள். எஸ்.ஐ.-யைத் திறந்து பாருங்கள்.

எஸ்.ஐ. கோப்பில் எதைப் பார்ப்பது

நூறு, இருநூறு பக்கம் இருக்கும், பயப்பட வேண்டாம், முழுக்க யாரும் படிப்பதில்லை. முதலில் மூட்டு வினையின் செய்முறைக்குப் போங்கள். எத்தனை மில்லிகிராமில் செய்தார்கள்? 3 மில்லிகிராமில் 85 சதவீதம் என்பதும் 2 கிராமில் 85 சதவீதம் என்பதும் ஒன்றல்ல. 3 மில்லிகிராமில் தராசின் பிழையே விளைச்சலை ஆட்டிவிடும். அப்புறம் விளைச்சலுக்குப் பக்கத்தில் "மீட்ட தொடக்கப் பொருளைக் கழித்து" என்று குறிப்பு இருக்கிறதா? இருந்தால் வினை பாதியில் நின்றிருக்கிறது, கழிக்காமல் நீங்களே ஒரு முறை கணக்கிடுங்கள். "மூன்று படிகளுக்குச் சேர்த்து" என்று இருந்தால் இடையில் தூய்மைப்படுத்தவில்லை, அது பெரும்பாலும் நல்ல செய்தி.

பிறகு கடைசிப் பக்கங்களுக்கு வாருங்கள். அங்கே தொகுத்த சேர்மத்தின் என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) எண்களும் இயற்கைச் சேர்மத்தின் என்.எம்.ஆர். எண்களும் பக்கம் பக்கமாக ஓர் அட்டவணையில் இருக்கும். என்னைப் பொறுத்தவரை கட்டுரையின் இதயம் அந்த அட்டவணைதான். இத்தனை வருட உழைப்புக்குப் பிறகு கையில் இருப்பது உண்மையிலேயே அதுதானா என்று அங்கேதான் முடிவாகிறது. பொருந்தாமல் போனதும் உண்டு. டயசோனமைடு ஏ என்ற கடல் சேர்மத்தின் அமைப்பை 1991-இல் வெளியிட்டிருந்தார்கள். 2001-இல் ஹாரனின் குழு அந்த அமைப்பை அப்படியே தொகுத்துப் பார்த்தபோது இயற்கைச் சேர்மத்தோடு ஒத்துப்போகவில்லை. தவறு தொகுப்பில் இல்லை, வெளியிட்ட அமைப்பில்தான் என்று தெரியவந்து, அமைப்பே திருத்தப்பட்டது. ஆகவே அட்டவணையில் ஒவ்வொரு கார்பனுக்கும் வித்தியாசத்தைப் போட்டுப் பாருங்கள். 0.1 பி.பி.எம். சுற்றி இருந்தால் நிம்மதி. ஒரே பகுதியில் மட்டும் ஒன்று, இரண்டு என்று விலகினால் அங்கே கேள்வி இருக்கிறது. கரைப்பானும் ஒன்றுதானா என்று பார்க்க மறக்காதீர்கள். சங்கிலிகளின் என்.எம்.ஆர். எண்களை வைத்தே அவற்றின் முப்பரிமாண அமைப்பைச் சொல்லும் தரவுத்தொகுப்பு முறையையும் கிஷி உருவாக்கினார். இந்த ஒப்பீட்டில் அவ்வளவு அக்கறை அவருக்கு.

தொகுப்புக்குப் பிறகு என்ன நடந்தது

பலர் இந்தப் படியைச் செய்வதே இல்லை. கட்டுரை வந்த ஆண்டோடு நிறுத்திவிடாமல், அதற்குப் பிறகு அந்த மூலக்கூறுக்கு என்ன ஆயிற்று என்று தேடுங்கள். சைஃபைண்டர், ரியாக்சிஸ் என்ற வேதியியல் தரவுத்தளங்கள் இரண்டும் உங்கள் பல்கலைக்கழகத்தில் இல்லாவிட்டாலும், கூகுள் ஸ்காலரில் "இதை மேற்கோள் காட்டியவை" என்ற இணைப்பே போதும்.

ஹாலிகோண்ட்ரினுக்குத் தேடினால் கிடைப்பது இது. துண்டு துண்டாகக் கட்டியதால் கிஷியின் குழுவிடம் பல இடைநிலைச் சேர்மங்கள் இருந்தன. ஐசாய் என்ற ஜப்பானிய மருந்து நிறுவனம் அவற்றைச் சோதித்தபோது, முழு மூலக்கூறே தேவையில்லை, பெருவளையம் உள்ள வலது பாதி மட்டுமே புற்றுநோய்ச் செல்களை எதிர்க்கப் போதும் என்று தெரிந்தது. ஆனால் அந்தப் பெருவளையத்தில் இருந்த எஸ்டர் பிணைப்பு இரத்தத்தில் உடைந்துபோனது. எஸ்டரின் ஆக்சிஜனை எடுத்துவிட்டுக் கார்பனை வைத்து, கீட்டோனாக மாற்றினார்கள். அப்படி வந்ததுதான் எரிபுலின். 19 கைரல் மையங்கள், 60-க்கும் மேற்பட்ட படிகள், பெருவளையத்தை மூடும் இடத்தில் அதே என்.எச்.கே. வினை. 2010 நவம்பரில், உடலின் பிற பகுதிகளுக்குப் பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, ஹாலவென் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஒரு கடற்பஞ்சும் தேவைப்படாமல், முழுக்கத் தொகுப்பு வழியிலேயே தொழிற்சாலையில் தயாராகிறது.

சோதிக்க எதுவுமே இல்லாத நிலையில் ஒரு பாதியைத் தனியே தேர்ந்தெடுக்கவும் முடியாது, ஓர் ஆக்சிஜனை மட்டும் மாற்றவும் முடியாது. கடற்பஞ்சில் அந்தப் பாதி தனியாகக் கிடைப்பதில்லை. "இத்தனை படிகள் போட்டு என்ன பயன், செடியிலிருந்தே எடுக்கலாமே" என்று யாராவது கேட்டால் நான் எப்போதும் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். கிஷியும் ஐசாயும் அதோடு நிற்கவில்லை. 2019-இல் அதே குடும்பத்தில் முழு அளவிலான இன்னொரு சேர்மத்தைப் பத்து கிராமுக்கு மேல் தொகுத்து வெளியிட்டார்கள். 600 கிலோவுக்கு 12.5 மில்லிகிராம் என்ற பழைய கணக்கோடு வைத்துப் பாருங்கள். கிஷி 2023 ஜனவரியில் காலமானார்.

அடுத்து எதைப் படிப்பது

ட்ரோபினோனுக்குப் பிறகு நேராக ஹாலிகோண்ட்ரினுக்குத் தாவினால் மூச்சு வாங்கும். இடையில் கிஷியின் 1972 டெட்ரோடாக்சின் தொகுப்பை வையுங்கள். நம் கடற்கரையில் பேத்தை மீன் என்று சொல்லும் மீன் குடும்பத்தின் நஞ்சு அது. கார்பன் 11 மட்டுமே, ஆனால் கூண்டு மாதிரி ஆக்சிஜனும் நைட்ரஜனும் அடைத்துக் கிடக்கும். சிறிய மூலக்கூறும் எவ்வளவு கடினமாக இருக்க முடியும் என்று அது காட்டும். அதன் பிறகு எட்டிக்கொட்டையில் இருக்கும் ஸ்ட்ரிக்னின், உட்வர்ட் 1954-இல் முடித்தது. பிறகு புற்றுநோய் மருந்தான டாக்சால்: 1994-இல் ஹோல்டனின் குழுவும் நிக்கோலோவின் குழுவும் முற்றிலும் வேறான வழிகளில் முடித்தார்கள். இரண்டு ரெட்ரோ படங்களையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, வெட்டுகளை மட்டும் ஒப்பிடுங்கள். வேப்பங்கொட்டையின் அசாடிராக்டின் வேண்டுமானால் அதையும் பாருங்கள், ஸ்டீவன் லேயின் குழுவுக்கு அது 22 ஆண்டுகள் பிடித்தது, 2007-இல்தான் முடிந்தது. அதைக் கடைசியாக வையுங்கள், மிகவும் கனமானது.

கையால் செய்து பழக வேண்டும் என்றால் ஆர்கானிக் சிந்தசிஸ் என்ற இதழ் இணையத்தில் இலவசம். அதில் வரும் ஒவ்வொரு செய்முறையையும் வெளியிடுமுன் ஆசிரியர் குழுவினர் ஒருவரின் ஆய்வகத்தில் இன்னொரு முறை செய்து சரிபார்க்கிறார்கள். புதியவர்களுக்கு இதைவிட நம்பகமான இடம் இல்லை.

குழுக் கூட்டத்தில் முதல் முறை இப்படி ஒரு கட்டுரையைப் பற்றிப் பேச வேண்டி வந்தால், நாற்பது அம்புகளையும் ஸ்லைடில் போடாதீர்கள். முதல் ஸ்லைடில் மூலக்கூறும் அந்த ஒரு வரி நோக்கமும். இரண்டாவதில் வெட்டுகள். மூன்றாவதில் மூட்டு வினை, இயங்குமுறையோடு, பாதி நேரத்தை இங்கேயே செலவழியுங்கள். நான்காவதில் நீங்கள் முதலில் வெட்டிய இடம், அது ஏன் வேலை செய்திருக்காது அல்லது ஏன் செய்திருக்கலாம். கடைசியில் அந்த என்.எம்.ஆர். அட்டவணை. யாராவது "ஏழாவது படியில் என்ன கரைப்பான்?" என்று கேட்டால் எஸ்.ஐ.-யைத் திறந்து பார்த்துச் சொல்லுங்கள், அதை மனப்பாடம் செய்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. "ஏன் இந்த மூட்டை முதலிலேயே போடாமல் இவ்வளவு தள்ளி வைத்தார்கள்?" என்று கேட்டால் மட்டும் பதில் கையில் இருக்க வேண்டும்.